நல்ல சொந்தத்துக்குப் புள்ளி கிடையாது

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்த சின்னவள், மாடி மாறி வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஹாலில் தரை தெரிந்தது. சோபாவில் உட்கார இடம் இருந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் மெத்தைகளைக் காணோம். ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் துணி ஸ்டாண்டையும் காணோம். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவள் மகள் பொடிசு பொம்மைகளோடு தனிக்குடித்தனம் நடத்தி வந்த இடத்தில் துடைத்துவிட்ட ஈரம் மட்டும் மினுங்கியது. மேஜை மேல் பூ வேறு. பிளாஸ்டிக் பூதான் என்றாலும் தூசி தட்டி வைத்திருந்தது. வீடு முழுக்க ஃபினாயில் வாசனை.

"வந்துட்டியா? வா வா," என்று சமையலறையிலிருந்து பெரியவள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "வந்து பாத்துட்டுப் போயிட்டார் உங்க ஆபீஸ்காரர். ஒரு குறை சொல்ல முடியல அவரால."

சின்னவள் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"மெத்தையெல்லாம் எங்கக்கா?"

"எதிர் வீட்டு டெய்லரம்மாகிட்ட. அவங்க கதவே தெறக்க முடியலன்னு பாவம் கத்திட்டிருக்காங்க. ராத்திரிக்குள்ள எடுத்துக்கலாம்."

"துணி ஸ்டாண்டு?"

"மொட்டை மாடில."

"பொடிசு?"

"அவளும் டெய்லரம்மா வீட்லதான். மெத்தை மேல." பெரியவள் சிரித்தாள். "என்ன அப்படிப் பாக்கற? வீடு பாக்க ஆள் வர்றார்னா, கெடந்தது கெடந்தபடியா விடறது?"

பெரியவள் என்றால் சின்னவளுடைய ஓரகத்தி. கணவனின் அண்ணன் மனைவி. அந்த வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய ஒரு சமையலறை. அதற்குள் ஆறு பேர். சின்னவள் கல்யாணமாகி வந்த அன்றைக்கு, பெரியவள் தன் படுக்கையறையைச் சிறிசுகளுக்கு விட்டுக் கொடுத்துவிட்டுத் தன் கணவனோடும் மகளோடும் ஹாலுக்கு வந்தாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பொடிசு பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

விட்டுக் கொடுத்தாளே தவிர, அந்த அறையின் கதவைச் சாத்த முடியாது. வீட்டிலிருந்த ஒரே துணி அலமாரி அதற்குள்தான் நின்றது. பெரியவளின் கணவர் பேக்கரியில் வேலை பார்த்தார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே வெள்ளைக் கோட்டை எடுக்க வருவார். வரும்போது கதவுக்கு வெளியே நின்று பலமாக இருமுவார். மதியம் வேலை முடிந்து வந்து, சின்னவளும் அவள் கணவனும் இல்லாத அந்தக் கட்டிலில் சாயங்காலம் வரை தூங்குவார். பெரியவளின் மகள் பரீட்சைக்குப் படிப்பது குளியலறையில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து. வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு அது ஒன்றுதான். யாருக்காவது அவசரமென்றால் அவளிடம் பாடம் முடிந்ததா என்று கேட்க வேண்டும். எல்லோரையும் திருத்திக்கொண்டே இருப்பதால் அவளுக்கு டீச்சர் என்று பெயர்.

நகரசபையில் குறைந்த வாடகைக்கு வீடு கேட்டு சின்னவள் பதிந்து வைத்தது இதனால்தான். நகரசபையிடம் மூன்று விதமான வீடு உண்டு. பாதி விலை கட்டி வாங்குகிற வீடு ஒன்று; அதைப் பற்றிக் கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியார் வீட்டுக்கு நகரசபை ஜாமீன் நிற்பது இன்னொன்று. அதற்குக் குழந்தை இருக்கிறவர்களை வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. மிச்சமிருந்தது நகரசபையே கட்டி வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடு. அதற்கு வரிசை. வரிசையில் முன்னே போகப் புள்ளி. புள்ளி போடுவது நெரிசலைப் பார்த்து.

நெரிசலைப் பார்க்கத்தான் இன்றைக்கு ஆள் வந்தார். நெரிசலைப் பெரியவள் கட்டித் தூக்கி டெய்லரம்மா வீட்டில் வைத்துவிட்டாள்.

"அவர் என்ன கேட்டார்க்கா?" சின்னவள் மெல்ல சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை இரண்டு முனை பிடித்துச் சூட்டு உருளைக்குள் விடுவதும், மறுபக்கம் வருவதை நாலாக மடிப்பதும். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"எத்தனை பேர்னு கேட்டார். சொன்னேன். எங்க வீட்டுக்காரர் பாதி நாள் பேக்கரியிலேயே படுத்துப்பார்னும் சொல்லி வச்சேன்."

"எப்பக்கா அவர் பேக்கரில படுத்தார்?"

"இன்னைக்குப் படுத்தாரே! நான்தான் வராதீங்கன்னு போன் பண்ணினேன்." பெரியவள் கரண்டியைத் தட்டி வைத்தாள். "சிவப்பா ஒரு புள்ளி அடிக்குமே, அந்த மிஷினை வச்சு செவுத்துக்கு செவுரு அளந்தார். ஏதாவது கஷ்டம் இருக்கான்னார். என்ன கஷ்டம், சொந்த அண்ணன் தம்பி, ஒரு கஷ்டமும் இல்லன்னேன். டீ குடுத்தேன். நல்ல பையன். வீடு ரொம்ப சுத்தமா இருக்கு, விசாலமா இருக்குன்னு சொல்லிட்டுப் போனான்."

விசாலம். சின்னவள் அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கோபப்பட்டாலும் யார் மேல்? "ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வீட்டைப் பாக்க வருவார்" என்று மட்டும்தான் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சொல்லியிருந்தார்கள். ஏதோ பதிவு, ஏதோ சரிபார்ப்பு என்று மென்று விழுங்கிவிட்டார்கள். உங்கள் வீட்டில் எங்களுக்கு மூச்சு முட்டுகிறது, அதை வந்தவருக்குக் காட்டுங்கள் என்று அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் பேக்கரிக்காரர் வந்தார். மாவு மூட்டை மேல் படுத்ததில் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. தலையெல்லாம் மாவு.

"என்னப்பா, ஒரே நாள்ல நரைச்சுட்டீங்க?" என்றாள் டீச்சர்.

"உங்கம்மாகிட்ட கேளு," என்று சொல்லிவிட்டு அவர் கழுத்தைத் திருப்பாமலே உடம்போடு திரும்பிப் போனார்.

அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு சின்னவள் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கணவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவன் ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டினான். வேனை இரவில் வீட்டுத் தெருவில் நிறுத்த அனுமதி உண்டு. அவர்கள் இரண்டு பேருக்கும் தனியாகப் பேச உலகத்திலிருந்த ஒரே அறை அந்த வேனின் முன்சீட்டுதான். வீட்டுக்குள் அவனை வாங்க போங்க என்பாள். வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் நீ நான் என்று ஆகிவிடும்.

"பூ வச்சிருக்காங்கய்யா மேஜைல. பூ!" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் அட்டைப்பெட்டி வாசனைக்கு நடுவில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"விடு. அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றான்.

"அடுத்த தடவைன்னா எப்ப? பொடிசுக்கு மாப்பிள்ளை பாக்கறப்பவா?"

"அண்ணிக்குத் தெரியாதுல்ல. தெரிஞ்சு செய்யலயே."

"அண்ணியை நான் ஒண்ணும் சொல்லல. உன்னத்தான் சொல்றேன். நீ பேசியிருக்கணும்."

"நான் எப்படிப் பேசறது? அவங்க கல்யாணமாகி வந்தப்ப நான் அரை டிராயர் போட்டுட்டு நின்னேன். எனக்குத் தலை துவட்டி விட்டவங்க. அவங்ககிட்ட போய், இடம் பத்தல, கெளம்பறோம்னு..."

"சரி. எனக்கு என்ன வேணும் தெரியுமா உனக்கு?" அவள் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "பெரிய வீடெல்லாம் வேண்டாம். உன்கூட ஒரு நாள் வாய்விட்டு சண்டை போடணும். பாத்திரத்த தூக்கி எறிஞ்சு. யார் தூக்கமும் கெடாம. அதுக்கொரு இடம் வேணும்."

அவன் அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கணுக்காலை அழுத்தி விட்டான். அவன் கைக்கும் அன்றைக்கு ஏற்றி இறக்கியதில் வலி இருந்திருக்கும்.

மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கி, சின்னவள் நகரசபை அலுவலகத்துக்குப் போனாள். வீட்டுவசதிப் பிரிவில் கூட்டம். நாற்காலியில் இடமில்லாமல் சுவரோரம் நின்றவர்களில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். கவுண்டரிலிருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தாள்.

"தலைல இருக்குங்க," என்றாள் சின்னவள்.

"தேங்க்ஸ்மா. காலைலேர்ந்து இது நாலாவது வாட்டி." அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "உங்களுக்குப் பாத்தாச்சே. போதுமான இடம்னு போட்டிருக்கார். நெரிசல் புள்ளி வரல."

சின்னவள் நடந்ததைச் சொன்னாள். மெத்தை, ஸ்டாண்டு, டெய்லரம்மா, மாவு மூட்டை, பூ. அம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒருத்தர் இல்லம்மா. போன மாசம் ஒரு வீட்ல எங்காளுக்குத் தெரியக்கூடாதுன்னு மாமனாரைப் பூங்காவுல உக்கார வச்சுட்டாங்க. மழை வந்து அவருக்கு ஜன்னி." பெருமூச்சு விட்டாள். "மறுபடி பாக்கச் சொல்லி எழுதறேன். ஆனா இந்தத் தடவை சொல்லிட்டு வரமாட்டாங்க. என்னைக்கு வேணா வருவாங்க. வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்."

"இருக்கும்மா."

"இன்னொண்ணு. வாடகை அண்ணன் பேர்லதான? அவரோ அவர் சம்சாரமோ எங்காளு கேட்டா வாயைத் தொறந்து சொல்லணும், இவங்களை இனிமே வச்சுக்க முடியாதுன்னு. இருக்கட்டும், அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்னு சொன்னாங்கன்னா முடிஞ்சுது. உங்களுக்குத் தங்க இடம் இருக்குன்னு ஆயிடும்."

"முடியாதுன்னு அவங்க சொல்ல மாட்டாங்களே."

"ஏன், நல்லா பாத்துக்கறாங்களா?"

"நல்லா பாத்துக்கறாங்க."

"அதான் வம்பு." அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டாள். "அடிச்சு வெரட்டினா புள்ளி இருக்கு. பூட்டி வச்சா புள்ளி இருக்கு. நல்ல சொந்தத்துக்கு எங்ககிட்ட புள்ளி கிடையாதும்மா."

அன்று மாலை சின்னவளும் கணவனும் சேர்ந்தேதான் பெரியவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டான். மீதியைச் சின்னவள் சொன்னாள். பெரியவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கத்தி மட்டும் மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது.

"அப்ப, நான் உங்களை அடைச்சு வச்சிருக்கேன்."

"ஐயோ அண்ணி, அப்படி இல்ல..."

"நீ இருடா. அவ சொல்லட்டும்."

"அப்படிச் சொல்லலக்கா. தனியா இருந்தா எல்லாருக்கும் நல்லதுன்னு..."

"போறதுன்னா போங்க. கையைப் புடிச்சா இழுக்கறேன்? மெத்தை இங்கயே கெடக்கட்டும், மூட்டை இங்கயே கெடக்கட்டும். எவன் வந்து பாத்தாலும் பாத்துக்கட்டும். ஆனா கூடப் பொறக்காத குறையா வளத்தவனை வச்சுக்க முடியாதுன்னு நான் சொல்லணுமா? என் வாயால? அது மட்டும் நடக்காது."

கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது. அன்றைக்குக் காய் எல்லாம் ஒரே பொடிப்பொடியாக இருந்தது.

அதற்குப் பிறகு பெரியவள் சின்னவளிடம் நேராகப் பேசவில்லை. பேச்செல்லாம் பொடிசு வழியாகத்தான். "உங்கம்மாகிட்ட சொல்லு, குக்கர் மூணு விசில் வந்தா அணைக்கணும்னு." பொடிசு திரும்பி, அரை அடி தூரத்தில் நிற்கும் அம்மாவிடம், "பெரிம்மா மூணு விசில்னு சொல்லச் சொன்னாங்க," என்பாள். இரண்டு நாளில் அவளுக்கே சலித்துப்போய், "நான் விளையாடப் போறேன், நீங்களே பேசிக்கோங்க," என்று மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

என்றைக்கு வேண்டுமானாலும் ஆள் வரலாம் என்பதால் வீடு இருந்தபடி இருக்க வேண்டியிருந்தது. பெரியவளுக்கு அது பெரிய வாதை. ஆளில்லாத நேரத்தில் அவள் கை தன்னையறியாமல் போர்வையை மடிக்கும். டீச்சர் குளியலறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"அம்மா, மடிக்காதீங்க!"

"மடிக்கலடி."

"சத்தம் கேக்குது. பழையபடி போடுங்க."

பெரியவள் மடித்ததை உதறிப் போடுவாள். உதறிப் போட்டதிலும் ஒரு ஒழுங்கு இருக்கும். மூலைகள் நேராக நிற்கும். டீச்சர் வெளியே வந்து காலால் கலைத்துவிட்டுப் போவாள்.

வாரங்கள் போயின. ஆள் வரவில்லை. சின்னவள் தினமும் சலவைக்கூடத்திலிருந்து திரும்பும்போது படியேறிக்கொண்டே, இன்றைக்கு வந்திருப்பாரோ, அக்கா என்ன சொல்லியிருப்பாளோ என்று நினைப்பாள். முதலில் அந்த நினைப்பில் படபடப்பு இருந்தது. பிறகு படபடப்பும் களைத்துப்போனது. வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று என்று தோன்றத் தொடங்கிய சமயத்தில்தான் அவர் வந்தார்.

அது சின்னவளின் விடுமுறை நாள். மதியம். பேக்கரிக்காரர் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் குளியலறையில் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பொடிசு மேஜைக்கு அடியில் பொம்மைக்குச் சோறு ஊட்டினாள். ஸ்டாண்டில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் கதவைத் திறந்தபோது, அதே இளைஞன் கையில் அதே மிஷினோடு நின்றான். உள்ளே கால் வைக்க இடம் தேடி, ஒரு காலைத் தூக்கியபடி கொக்கு மாதிரி நின்றுவிட்டான்.

"இது... நான் அன்னைக்கு வந்த வீடுதானா?"

"அதே வீடுதான் சார். மெத்தை மேலயே ஏறி வாங்க, பரவால்ல," என்றாள் சின்னவள்.

அவன் ஷூவைக் கழற்றிவிட்டு மெத்தை மேல் ஏறி வந்தான். அறையை எட்டிப் பார்த்தான். பேக்கரிக்காரர் கண்ணைத் திறந்தார்.

"நீங்கதான் வீட்டுக்குப் பொறுப்பா சார்? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அவகிட்ட கேளுங்க. அவ சொல்றதுதான்," என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குளியலறைக் கதவைத் தட்டினான். "ஆள் இருக்கு," என்றது உள்ளேயிருந்து.

"எவ்வளவு நேரமாகும்?"

"இன்னும் ரெண்டு பாடம்."

அவன் எதையோ குறித்துக்கொண்டான். பிறகு சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். உள்ளே பெரியவள் அடுப்பைப் பார்த்து நின்றாள். அவன் வந்ததிலிருந்து அவள் திரும்பவே இல்லை. டீ போடட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு கேள்வி. கேட்டே ஆகணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கொழுந்தனார், அவர் சம்சாரம், குழந்தை. இவங்களை இதுக்குமேல இங்க வச்சுக்க உங்களால முடியுமா, முடியாதா?"

கரண்டி நின்றது. குளியலறையில் மனப்பாடமும் நின்றது.

சின்னவள் பெரியவளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அடுப்பு மேடையை இறுகப் பிடித்திருந்தது. தன் பாரத்தையெல்லாம் அந்தக் கையில் போட்டு நின்றிருந்தாள். ரவிக்கை முதுகில் வியர்வை. அந்த ஒரு கேள்விக்காக இந்த மனுஷியை வாரக்கணக்கில் ஊசிமேல் நிற்க வைத்திருக்கிறோம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. போதும் என்றும் தோன்றியது. புள்ளியும் வேண்டாம், வீடும் வேண்டாம், எல்லோரும் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும்.

"விடுங்க சார், அவங்களைக் கேக்காதீங்க," என்றாள். "முடியும்னே போட்டுக்கோங்க. நாங்க இங்கயே இருந்துக்கறோம்."

பெரியவள் திரும்பினாள்.

"உன்னை யார் கேட்டா? அவர் என்னத்தான கேட்டார்?" வாரங்கள் கழித்து நேராக அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. "நடுவுல பூந்து பெரிய மனுஷி மாதிரி..."

"அக்கா, வேண்டாம்க்கா. நீங்க சொல்ல வேண்டாம்."

"சொல்வேன். ஏன் சொல்லக்கூடாது?" பெரியவள் அந்த இளைஞனைப் பார்த்தாள். "முடியாது சார். எழுதிக்கோங்க. என்னால முடியாது. தரைல படுத்துப் படுத்து இடுப்பு போச்சு. காலைல எழுந்திருக்கறப்ப செவுத்தப் புடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கேன். இவங்க முழிக்கறதுக்குள்ள எழுந்துடுவேன், அதனால யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த ரூம் வேணும். கட்டில்ல படுக்கணும். என் அலமாரியை நான் நெனச்சப்ப தெறக்கணும், இருமாம." முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "போதுமா? இன்னும் ஏதாவது சொல்லணுமா?"

"போதும்மா," என்றான் அவன், மெல்ல.

அது தங்களுக்காகச் சொன்னதா, நிஜமா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும் என்று பட்டபோது அவள் சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இளைஞன் மெத்தை மேல் ஏறி இறங்கிப் போய் ஷூவை மாட்டினான். "புள்ளி ஏறிடும். அதுல சந்தேகமில்ல," என்றான் சின்னவளிடம். "ஆனா வீடு ஒண்ணு காலியாகணும்ல. எப்பன்னு என்னால சொல்ல முடியாது. சீக்கிரமும் ஆகலாம். நாளும் ஆகலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும்..." அவன் உள்ளே ஒரு தடவை பார்த்தான். "இங்கதான்."

கதவு சாத்திக்கொண்டது. போகச் சொன்னவளும் போகச் சொல்லப்பட்டவளும் அதே சமையலறையில், ஒருவர் திரும்பினால் ஒருவர் விலகி, மிச்சச் சமையலை முடித்தார்கள். உப்பை இந்தா என்றாள் ஒருத்தி. மூடியை அங்க வை என்றாள் இன்னொருத்தி. பொடிசு வழியாகப் பேச வேண்டியிருக்கவில்லை. ஆனால் வேறு எதுவும் பேசவும் முடியவில்லை.

கணவன் வந்ததும் சின்னவள் வேனுக்குக் கூட்டிப் போகவில்லை. ஹாலிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அவன் கேட்டுவிட்டு அண்ணி முன்னால் போய் நின்றான்.

"நிஜமாவா சொன்னீங்க அண்ணி?"

"சொன்னேன்."

"முடியாதுன்னா?"

"ஆமாண்டா. போய் கை கழுவு, சோறு ஆறுது."

அவன் கை கழுவி வந்து உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாய் கையிலேயே இருந்தது. பெரியவள் அதைப் பார்க்காதது போலக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

பேக்கரிக்காரருக்காக அந்த வீட்டில் சீக்கிரமே படுத்துவிடுவார்கள். மெத்தைகளைப் பிரிக்கும்போது சின்னவள் தங்கள் தலையணைகளை எடுத்து வந்து ஹாலில் போட்டாள்.

"அக்கா, நீங்க ரூம்ல படுத்துக்கோங்க."

வேண்டாம் என்று சொல்வாள், சண்டை வரும், பிறகு ஒருமாதிரி சமாதானமாகும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பெரியவளோ ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் ஒருமுறை முனகியது. அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

தரை சில்லென்றிருந்தது. கணவன் வெகுநேரம் புரண்டான்.

"அண்ணிக்கு இடுப்பு வலின்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான், கிசுகிசுப்பாக.

"தெரியாது."

"எனக்கும் தெரியல."

சின்னவள் பொடிசின் போர்வையை இழுத்துவிட்டாள். வேண்டியதுதான் கிடைக்கப்போகிறது. சந்தோஷம் எங்காவது தட்டுப்படுகிறதா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தாள்; கணுக்கால் வலிதான் கைக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் பொடிசு அவள் வயிற்றில் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இருட்டில் வந்து நின்றாள்.

"சித்தி, கொஞ்சம் காலை மடக்குங்க. பாத்ரூம் போகணும்."

"படிக்கவா?"

"இல்ல, பாத்ரூமுக்கே."

சின்னவள் காலை மடக்கிக்கொண்டாள். டீச்சர் தாண்டிப் போனாள்.